யாரோடு சாப்பிடப் போகிறீர்கள்?

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் போதும், சென்னையின் வாட்ஸ்அப் குழுக்களில் "இன்னிக்கு எங்கடா?" என்ற கேள்வி வந்து விழும். ஒருவர் ரீல்ஸ் அனுப்புவார். இன்னொருவர் அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துச் சொல்வார். மூன்றாமவர் பார்க்கிங் உண்டா என்று கேட்பார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஐந்தாறு பேர் காதர் நவாஸ்கான் சாலையிலோ, அண்ணா நகர் இரண்டாவது நிழற்சாலையிலோ, ஓ.எம்.ஆர். ஓரத்து மாலிலோ போய் உட்கார்ந்திருப்பார்கள். மெனு கார்டில் இத்தாலி இருக்கும், மெக்சிகோ இருக்கும், தாய்லாந்தும் லெபனானும் இருக்கும். தட்டில் வருபவை எல்லாம் ஒரே வெள்ளைச் சாஸில் குளித்து எழுந்தவையாக இருக்கும்.

இதைக் குறை சொல்வதற்கில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்தவர்களுக்கு ஏ.சி.யும் நல்ல நாற்காலியும் தேவைதான். ஆனால், "சென்னையில எல்லா ஊர் சாப்பாடும் சாப்பிட்டாச்சு" என்று இதே குழு பெருமை பேசும்போதுதான் ஒரு மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஊர்ச் சாப்பாடு இந்த நகரத்தில் உண்மையாகவே கிடைக்கிறது. பிழைக்க வந்தவர்களும் துரத்தப்பட்டு வந்தவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்களும் தங்களுக்காகவே அடுப்பு மூட்டிய இடங்களில் கிடைக்கிறது. அங்கே போக நட்சத்திரக் கணக்கு உதவாது. அந்தத் தெருவைத் தெரிந்த நண்பர் ஒருவர் வேண்டும்.

பாரிமுனைக்குப் போய்ப் பார்க்கலாம். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்தால் பர்மா பஜார்; அதன் பின்பக்கம் செகண்ட் லைன் பீச். மாலையானதும் அங்கே தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. வண்டியில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மலைபோலக் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் கைப்பிடி நூடுல்ஸைப் போடுகிறார். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கடைசியாக பேஜோ என்னும் தட்டை போன்ற மொறுமொறுப்பான ஒன்றை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, விரல்களாலேயே பிசைந்து கொடுக்கிறார். கரண்டியைத் தேடினால் வேலை ஓடாது. இதுதான் அத்தோ. பக்கத்திலேயே வாழைத்தண்டு போட்ட சூப் கொதித்துக்கொண்டிருக்கும். குடிக்கக் குடிக்க ஊற்றுவார்கள். வேகவைத்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துப் புளித்தண்ணீர் விட்டுக் கொடுக்கும் மசாலா முட்டையை ஒரே வாயில் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

இந்த வண்டிகளுக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. பர்மாவில் 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேற வேண்டியதாயிற்று. கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்களில் பலருக்கு இங்கே சொந்த ஊரென்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்ந்தார்கள். அவர்கள் கடை வைத்துப் பிழைக்க 1969இல் பர்மா பஜார் உருவானது. ரங்கூன் தெருவோரத்தில் தின்று பழகிய நாக்குக்கு அத்தோவும், மொய்ங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸும் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பிழைப்பு தேவைப்பட்டது. இன்று அந்த வண்டிகளுக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பர்மாவைப் பார்த்ததே இல்லை. அடியில் ஒரு துயரம் கிடக்கிறது என்று தெரியாமலேயே "அண்ணா, இன்னும் கொஞ்சம் காரம்" என்று கேட்கிறார்கள். தெரிந்து சாப்பிட்டால் ருசி கூடுமா என்பது விவாதத்துக்குரியது. அந்த வண்டியை எவனாவது "ஃப்யூஷன்" என்று வகைப்படுத்தினால் சண்டை போடத் தோன்றும் என்பது மட்டும் நிச்சயம்.

திருவல்லிக்கேணியில் கதை வேறு. சென்னையின் சாம்பார் இட்லி என்றாலே பலருக்கு நினைவு வருவது அங்கே 1948இல் தொடங்கிய ரத்னா கஃபே. தொடங்கியவர்கள் உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த குடும்பத்தார்! இட்லி தெரியும்படி வைத்து ஓரத்தில் சாம்பார் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது. தட்டில் இட்லி மூழ்கிக் கிடக்கும்; கொஞ்சம் வற்றினால் ஜக்கோடு சுற்றிவரும் பரிமாறுபவர் மறுபடியும் ஊற்றிவிட்டுப் போவார். 'அசல் தமிழ்ச் சாப்பாடு' பற்றி ஆவேசமாகப் பேசுபவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைக்கலாம்.

உண்மையைச் சொன்னால், இந்த நகரத்தின் ஓட்டல் தொழிலே வெளியூர்க்காரர்கள் கட்டியதுதான். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய கே.கிருஷ்ணராவ் 1938இல் உட்லண்ட்ஸை நிறுவினார். அதன் கிளையாக 1962இல் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் காருக்குள் உட்கார்ந்தபடி தோசை தின்றது ஒரு தலைமுறை. 2008இல் அது மூடப்பட்டு, அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. கொழும்பில் உணவுத் தொழில் நடத்திய அனுபவத்தோடு வந்த ஏ.எம்.புகாரி 1951இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் திறந்தார். சிக்கன் 65 தங்கள் அடுப்பில் 1965இல் பிறந்தது என்று அந்த ஓட்டல் சொல்கிறது. பிறகு 78, 82, 90 என்றும் சிக்கன் போட்டார்கள். 65 மட்டும் உலகம் சுற்றியது. மற்றவை மெனு கார்டோடு நின்றன.

திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் ஒண்டிக்கட்டைகளாகத் தங்கியவர்களுக்காக மெஸ்கள் வந்தன. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு, எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். சேப்பாக்கம் சந்துக்குள் இருக்கும் நாயர் மெஸ் 1961 முதல் சோறும் மீன் குழம்பும் போடுகிறது. கிரிக்கெட் மைதானத்துக்கு வருபவர்களும் அரசு அலுவலக ஊழியர்களும் வஞ்சிரம் வறுவலுக்காக அங்கே ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள். நண்பர்களோடு சாவகாசமாக அரட்டை அடிக்க இவை தோதான இடங்கள் இல்லை. முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். சாப்பிட்டு எழுந்து, வெளியே பீடாக் கடை ஓரத்தில் நின்று பேச வேண்டியதுதான்.

சவுகார்பேட்டைக்குப் பகலில் போவது வீண். வெயில் தணிந்த பிறகு போனால், தங்கசாலைத் தெருவில் ஜிலேபியும் பாதாம் பாலும் ஒருபக்கம், பாவ் பாஜி ஒருபக்கம், இரண்டு முறுக்குகளுக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, சீஸ் வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச் இன்னொரு பக்கம். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனாபாய் கடையில் கிடைப்பவை நெய்யில் ஊறிய பொடி இட்லியும் ஊத்தப்பமும் மட்டும். ராஜஸ்தானும் குஜராத்தும் தமிழ்நாட்டோடு வியாபாரம் பேசி முடித்ததற்கு அந்த நெய் இட்லியும் முறுக்கு சாண்ட்விச்சும்தான் சாட்சி. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கண்டுபிடித்தவை அல்ல இவை. அக்கம்பக்கத்துத் தமிழர் வீட்டுப் பலகாரம் மார்வாடிக் குழந்தைக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

கிரீம்ஸ் சாலையில் நடந்தால் வங்காள எழுத்துப் பலகைகள் கண்ணில் படும். அப்போலோ மருத்துவமனை அங்கே 1983இல் தொடங்கியது. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் மாதக்கணக்கில் தங்கும் இடமாக அந்தப் பகுதி மாறிவிட்டது. அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு தரும் விடுதிகள் இருக்கின்றன. சமைக்க முடியாதவர்களுக்குச் சின்னச் சின்ன மெஸ்கள். கடுகு அரைத்த மீன் குழம்பு, கசகசா சேர்த்த உருளைக்கிழங்கு, பருப்பு, சோறு. பக்கத்து மேசையில் மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்தபடி சாப்பிடுபவர் இருக்கலாம். அங்கே போய்க் கேமராவை நீட்டுவது அநாகரிகம். ஆனால், மீனை எப்படிச் செய்கிறீர்கள் என்று அக்கறையோடு கேட்டால், பரிமாறும் அம்மா இந்தியும் வங்காளமும் கைஜாடையும் கலந்து முழுச் செய்முறையையும் சொல்லிவிடுவார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரிய உணவகங்களும் இதே மாதிரி வந்தவைதான். ஹூண்டாய் 1996இல் இங்கே நிறுவனத்தைப் பதிவுசெய்து, 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து காரை வெளியே அனுப்பியது. பின்னாலேயே உதிரிபாக நிறுவனங்கள், பொறியாளர்கள், அவர்களுடைய குடும்பங்கள். கிம்ச்சி இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்த உணவகங்களில் தமிழ் முகம் அபூர்வமாகவே தென்பட்டது. இப்போது கொரியத் தொடர் பார்த்து வளர்ந்த கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து, குச்சியில் நூடுல்ஸை லாகவமாகச் சுருட்டுகிறார்கள். முதலில் சின்னக் கிண்ணங்களில் வரும் தொடுகறிகளுக்குத் தனிக் காசு கிடையாது. கேட்டால் மறுபடியும் வைப்பார்கள். நம் அளவுச் சாப்பாட்டுக் கடைகள் மறந்துவிட்ட மரியாதை அது.

ஆக, இத்தனையும் இருக்கிறது. இருந்தும் நண்பர் குழுக்கள் ஏன் அதே பத்து இடங்களைச் சுற்றுகின்றன?

காரணம் கைபேசியில் இல்லை, குழுவில் இருக்கிறது. ஒரே கல்லூரி, ஒரே கம்பெனி, ஒரே மாதிரியான அடுக்ககம். பல நேரங்களில் ஒரே சாதி. அப்படிப்பட்ட குழுவில் ஒருவருக்குத் தெரிந்த கடையே மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். வியாசர்பாடிக்காரர் ஒருவர் நண்பராக இருந்தால்தான் எந்த அத்தோ வண்டியில் சூப் நன்றாக இருக்கும் என்று தெரியும். வளசரவாக்கத்தில் வளர்ந்த ஈழத்து நண்பர் ஒருவர் இருந்தால்தான், புட்டுக்கும் சொதிக்கும் எந்தச் சின்னக் கடைக்குப் போக வேண்டும் என்பதும், அவர்கள் கொத்து ரொட்டியும் நம் கொத்துப் பரோட்டாவும் ஏன் வேறு என்பதும் விளங்கும். சைதாப்பேட்டைக்காரரிடம் வடகறி பற்றிக் கேட்டால் மாரி ஓட்டல் என்று சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்த மணிக்கணக்குதான் முக்கியம்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்வி இந்த நகரத்துக்குப் புதிதல்ல. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1940கள் வரை இருந்தது. காப்பி ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சுற்றி நடந்த சச்சரவுகளை ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். விடுதலைக்குப் பத்தாண்டு கழித்து, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில், பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகத் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். பல மாதங்கள் நீடித்த போராட்டத்துக்குப் பிறகே பலகை மாறியது. இன்று யாரும் எந்த ஓட்டலுக்குள்ளும் நுழைந்து காசு கொடுத்துச் சாப்பிடலாம் என்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். சும்மா வந்த உரிமை இல்லை அது.

பலகை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் சைவம் என்றால், மற்ற ஐவரும் சைவ ஓட்டலுக்குப் போவது இயல்பான பண்பாடாகத் தெரிகிறது. அதே குழுவில் ஒருவர் பெரம்பூரிலோ புளியந்தோப்பிலோ மாட்டிறைச்சி வறுவல் தின்று வளர்ந்தவர் என்றால், "என் ஏரியா கடைக்கு வாங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை. சொன்னாலும் ஒரு சங்கடச் சிரிப்போடு பேச்சு மாறும். நண்பர்கள் மட்டுமா? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்ட மாவட்ட நிர்வாகம் மாட்டிறைச்சி பிரியாணியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் இதே கதை. கேள்வி எழுந்த பிறகுதான் மாட்டிறைச்சி பிரியாணிக் கடைக்கு இடம் கிடைத்தது. தலைநகரத்தின் தெருக்களில் பல்லாண்டுகளாக விற்கும் உணவு, தலைநகரத்தின் உணவுத் திருவிழாவில் நுழையச் சண்டை போட வேண்டியிருந்தது என்றால், 'சென்னையின் டாப் 50' பட்டியல்களின் யோக்கியதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் எல்லாவற்றையும் தின்றே ஆக வேண்டும் என்பது வாதமில்லை. சைவர் சைவமாகவே இருக்கட்டும். ஹலால் பார்ப்பவர் பார்க்கட்டும். நண்பன் தன் கடையில் தன் சாப்பாட்டை உண்ணும்போது, எதிரே உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் அந்தக் குழுவுக்கு நகரம் கதவைத் திறக்கும்.

குழுவாகப் போவதில் நடைமுறை லாபமும் உண்டு. தனியாளாக சவுகார்பேட்டைக்குப் போனவர் ஒரு தட்டு பாவ் பாஜியோடு வயிறு நிறைந்து திரும்புவார். ஐந்து பேர் போனால், ஒரு கடையில் ஒரே தட்டு வாங்கி ஆளுக்கு ஒரு வாய் என்று ஏழெட்டுக் கடைகளைப் பார்த்துவிடலாம். ஒன் பை டூ காப்பி குடித்துப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நாலு பெஞ்ச் உள்ள கடையில், ஒரு தட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஐந்து பேர் ஒரு மணி நேரம் இடத்தை அடைக்கக் கூடாது. அந்தக் கடைக்காரருக்கு இரவு ஒன்பது மணிக்குள் வியாபாரம் முடிந்தாக வேண்டும்.

வீடியோ எடுப்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கடை பிரபலமாவது நல்லதே. ஆனால், முப்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்த கடைக்கு ஒரே வாரத்தில் முந்நூறு பேர் வந்தால் என்ன ஆகும்? புளி மாறும், எண்ணெய் மாறும், விலை ஏறும். தினமும் வந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் வேறு கடை தேடிப் போவார். கூட்டம் அடுத்த ரீல்ஸுக்குத் தாவிய பிறகு, பழைய வாடிக்கையும் இல்லாமல் புதிய வாடிக்கையும் இல்லாமல் கடைக்காரர் நிற்பார். சாப்பிட்டுப் பிடித்திருந்தால் நாலு பேரிடம் வாயால் சொன்னால் போதும். எல்லாவற்றையும் உலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிடும் பழக்கம் இன்னொரு சிக்கல். அத்தோவைப் பொட்டலம் கட்டி அரை மணி நேரம் பைக்கில் கொண்டுவந்தால் பேஜோ நமுத்துப்போகும். ரத்னாவின் சாம்பார் இட்லியில் ஜக் வராது. செயலியின் கமிஷனைத் தாங்க முடிந்த கடைகள் மட்டுமே செயலியில் நிலைக்கின்றன. தள்ளுவண்டிக்காரருக்கு அங்கே இடமில்லை. திரையில் தெரியாத கடை ஊரிலேயே இல்லை என்று நம்பும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

மாநகராட்சிக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. நகரத் தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள்தொகையில் 2.5 சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்கிறது; கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, விற்பனை மண்டலம் அமைக்கச் சொல்கிறது. சாலையைச் சீரமைக்கும்போதெல்லாம் முதலில் கைவைப்பது வண்டிக்காரர் மீது என்ற வழக்கம் மாற வேண்டும். உணவுத் திருவிழாவுக்கு மூன்று நாள் பந்தல் போடுவதைவிட, செகண்ட் லைன் பீச்சிலும் தங்கசாலையிலும் குடிதண்ணீர்க் குழாய், கைகழுவும் இடம், கழிப்பறை, குப்பைத்தொட்டி அமைத்துக் கொடுப்பது உருப்படியான வேலை. பெண்கள் குழுவாக இரவில் அங்கே வந்து போகவும் அது உதவும். இப்போது கழிப்பறை இல்லை என்பதற்காகவே மாலுக்குப் போகும் பெண்கள் பலர்.

நண்பர் குழுக்களுக்கு ஒரு கோரிக்கை. எங்கே சாப்பிடுவது என்று எப்போதும் ஒருவரே முடிவுசெய்கிறார். பெரும்பாலும் கார் வைத்திருப்பவர். இந்தச் சனிக்கிழமை, இதுவரை ஒருமுறைகூடக் கடையின் பெயர் சொல்லாத நண்பரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவர் எந்தத் தெருவுக்குக் கூப்பிட்டாலும் போங்கள். ஏ.சி. இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள். பில் எவ்வளவு குறைவாக வந்தாலும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.